ஃபிரிட்ஜுக்கு மேல் ஒரு காப்பகம்

குடோன் என்பது அவனுக்கு அக்கா வைத்த பெயர். பெற்றோர் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருந்தது; அதை வெளியே எடுக்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. மை தீர்ந்த பேனா, மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, எந்தப் பூட்டுக்கும் சேராத பதினோரு சாவி என்று எதையும் எறியாமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தச் சோதிடரும் கணித்திருக்க முடியாது.

வயது இருபத்திரண்டு. கல்லூரி முடித்து எட்டு மாதம். பிள்ளை வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று அம்மா வெளியே சொல்வாள். வேலைதான் இவனைத் தேடிக்கொண்டிருக்கிறது, பாவம் அதற்கு விலாசம் கிடைக்கவில்லை என்று அப்பா சொல்வார்.

அவன் வீட்டில் சர்வர் வைத்ததற்குக் காரணம் ஒரு பூனை. 'பூனையோடு நட்பாக ஏழு வழிகள்' என்ற கட்டுரையை இணையத்தில் நாலாவது வழி வரை படித்தான். கொட்டாவி வந்தது. மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடினான். மறுநாள் அந்தப் பக்கம் இல்லை. அந்தத் தளமே இல்லை. 'நீங்கள் தேடும் பக்கம் காணப்படவில்லை' என்று ஒரு வரி மட்டும், எழவு வீட்டில் வாசலில் நிற்கும் தூரத்து உறவு மாதிரி நின்றுகொண்டிருந்தது. மாடிப்படியில் குடியிருந்த பூனை அந்த நாலு வழிகளுக்கு உரிய மரியாதையை மட்டும் கொடுத்துவிட்டு, ஐந்தாவதுக்காக இன்றுவரை தூரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி பார்த்த பக்கம் எதுவும் கைவிட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தான். அக்கா தூக்கி எறியச் சொன்ன பழைய லேப்டாப் கட்டிலுக்கு அடியில் இருந்தது. கீல் ஒரு பக்கம் போய்விட்டது, திரையைச் சுவரில் சாய்த்தால்தான் நிற்கும். அதில் நூற்றுச் சொச்சம் வரியில் ஒரு நிரல் எழுதினான். வீட்டில் யார் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் அவர்களுடைய பிரவுசர் அதன் நகல் ஒன்றை இந்த லேப்டாப்புக்கு அனுப்பிவிடும். லேப்டாப் அதை வாங்கி, அவரவர் ஃபோல்டரில் போட்டுக்கொள்ளும். பிறகு இணையமே செத்தாலும், வீட்டுக்குள்ளிருந்து அந்த நகலைத் திறந்து படித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் சர்வர். சமையலறையில் ஃபிரிட்ஜுக்கு மேல் அதை ஏற்றி வைத்தபோது அப்பா கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரத்தில் வைத்த எதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"இது என்ன பண்ணும்?"

"நாம பார்க்கறதையெல்லாம் பத்திரமா வெச்சுக்கும்ப்பா."

"உங்கம்மா ஏற்கெனவே அதைத்தானே பண்றா. முப்பது வருஷம் முன்னாடி நான் பார்த்த பார்வையைக்கூட இன்னிக்கு எடுத்துக் காட்டுவா."

அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "தூசி படும். ஒரு துணியைப் போட்டு மூடி வை" என்றாள். துணி போட்டால் சூடாகிவிடும் என்று குடோன் விளக்கினான். மூடாத பொருள் எதுவும் உருப்பட்டதில்லை என்று அம்மா விளக்கினாள்.

அக்காவுக்குத்தான் பெரிய கவலை. "டேய் குடோன், நான் எதைப் பார்க்கறேன்னு நீ உக்காந்து படிப்பியா?"

அதற்காக வட்ட மேசை மாநாடு ஒன்று கூடியது. மேசை சதுரம்தான். முடிவில் ஒரே ஒரு சட்டம் நிறைவேறியது: ஒருவர் ஃபோல்டரை இன்னொருவர் திறக்கக் கூடாது. பூட்டு கிடையாது, கடவுச்சொல் கிடையாது, நாணயம் மட்டும்தான். குடோன் அதைத் தடித்த பேனாவால் எழுதி ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டினான். நாலு பேரும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அப்பா தாமாகவே முன்வந்து, "என் ஃபோல்டர்ல முழங்கால் வலி மட்டும்தான் இருக்கும், யார் வேணும்னாலும் பார்த்துக்கங்க" என்று நாட்டுக்கு அறிவித்தார்.

இந்தக் காப்பகத்தை மிக விசுவாசமாகப் பயன்படுத்தியவள் அம்மா என்பதுதான் விசித்திரம். அம்மா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். நாள் முழுக்க வருகிறவர்களிடம் படிவத்தை நீட்டி, 'இதுக்குச் சம்மதமா, அதுக்குச் சம்மதமா, இங்க ஒரு கையெழுத்து' என்று கேட்பது அவள் தொழில். வீட்டுக்கு வந்து ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தால் அதுவும் குறுக்கே ஒரு பெட்டியை நீட்டி, சம்மதமா என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் மறுபடி கேட்கும். "ஒருத்தி வேண்டாம்னா வேண்டாம்னு விடத் தெரியாதா இதுங்களுக்கு" என்பாள். வீட்டுப் பிரதி எதையும் கேட்பதில்லை. அதனால் எந்தப் பக்கத்தையும் வெளியே இணையத்தில் ஒரு தடவை திறப்பாள். அதற்குப் பிறகு எத்தனை முறை படிப்பதென்றாலும் ஃபிரிட்ஜுக்கு மேலிருக்கிற பிரதியைத்தான் படிப்பாள். வீட்டுச் சரக்குக்கு ஈடு உண்டா என்று குடோனிடமே கேட்டிருக்கிறாள். அவனுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் படவில்லை.

இது இப்படி இருக்க, அக்காவின் விஷயத்துக்கு வருவோம்.

அக்கா நில அளவையாளர் ஒருவரின் அலுவலகத்தில் மனைப்படம் வரைந்துகொண்டிருந்தாள். நாலு கோடு, ஒரு கிணறு, வடக்கு எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறி. அதில் அவள் மனம் நிற்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் வழித்தடப் படத்தைப் பென்சிலால் திருத்திவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில், வேறொரு நகரத்தில், வரைபட நிறுவனம் ஒன்று இருந்தது. இரண்டு வருடப் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. மொத்தம் ஆறு இடம். அக்கா தேர்வு எழுதி நாலாவதாக வந்திருந்தாள்.

அப்பா மகிழ்ந்தார். அம்மா மகிழவில்லை. "ஊர் ஊரா மேப் போடப் போறவளுக்கு நாளைக்கு வீட்டுக்கு வழி தெரியாமப் போயிடும்" என்றாள். அக்கா பதில் சொன்னாள். அம்மா பதிலுக்குப் பதில் சொன்னாள். "இனிமே அந்தப் பேச்சையே என் காதுல போடாதே" என்று அம்மா முடித்த பிறகு, அந்த நிறுவனம் வீட்டில் பெயரில்லாத பொருளாகிவிட்டது. அக்கா சேர்க்கை விண்ணப்பத்தையும் சான்றிதழ்களையும் சத்தமில்லாமல் அனுப்பினாள்.

ஒரே ஒரு சிக்கல். அவள் படித்த கல்லூரி, பட்டச் சான்றிதழை இன்னும் அச்சடித்துக்கொண்டே இருந்தது. கையில் இருந்தது தற்காலிகச் சான்றிதழ்தான். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதற்கும் வழி இருந்தது. 'பட்டச் சான்றிதழ் கிடைக்கப்பெறாதவர்கள் தற்காலிகச் சான்றிதழ் அனுப்பலாம்' என்று ஒரு வரி. அதை நம்பித்தான் அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே காலுக்கு அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. பட்டச் சான்றிதழ் இணைக்கப்படாததால் தங்கள் தேர்வு ரத்து செய்யப்படுகிறது. விதிகளை எங்கள் இணையப் பக்கத்தில் காண்க. ஆட்சேபம் இருந்தால் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.

அக்கா அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் தன் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லை. அது இருந்த இடத்தில், 'பட்டச் சான்றிதழ் கட்டாயம்' என்று மூன்றே சொல் உட்கார்ந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றாலும் கொஞ்சம் சோறாவது வேண்டும். அவர்கள் அதைக்கூடச் செலவழிக்கவில்லை. அக்கா பக்கத்தைப் புதுப்பித்தாள். மறுபடி புதுப்பித்தாள். நாற்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவையாவது மனச்சாட்சி உறுத்தித் திருந்திவிடாதா என்று பார்த்தவளைப் போல.

மதிய இடைவேளைக்கு வீட்டுக்கு வந்த அம்மா, விஷயத்தைக் கேட்டாள். தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிட்டுட்டு அழு" என்றாள். தன் அறைக்குள் போனாள். நாலு மணிக்கு மருத்துவமனைக்குத் திரும்பிவிட்டாள்.

கடைக்குப் போயிருந்த குடோன் வந்து கதையைக் கேட்டபோது அவன் முகம் விளக்குப் போட்டது போல ஆயிற்று. "இதுக்கா அழுவே? சர்வர் எதுக்கு இருக்கு? நீ அப்ளை பண்ணும்போது பார்த்தியே, அந்தப் பழைய பக்கம் உன் ஃபோல்டர்ல இருக்குமே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. "திறடா" என்றாள்.

சட்டப்படி அவள் அனுமதி பெற்று, அவள் ஃபோல்டரைத் திறந்தான். பக்கம் இருந்தது. பட்டச் சான்றிதழ் கட்டாயம். சேமித்த நேரம்: இன்று, பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

குடோன் அந்த நேரத்தை இன்னொரு தடவை படித்தான். இடப் பற்றாக்குறைக்காக அவன் ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தான். ஒரு ஃபோல்டரில் ஒரு முகவரிக்கு ஒரே ஒரு பிரதி. அதே பக்கத்தை வெளியே மறுபடி திறந்தால், புதியது வந்து பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். எப்போதும் புத்தம் புதிதாக இருக்கும் காப்பகம் என்று அவனே அதை மெச்சிக்கொண்டிருந்தான். அக்கா நாற்பது தடவை புதுப்பித்தாள். சர்வர் நாற்பது தடவையும் கடமை தவறாமல் பழையதை அழித்திருந்தது.

"அப்படின்னா…" என்றாள் அக்கா.

"நீ திறக்காம இருந்திருந்தா இருந்திருக்கும்."

"பழசை வெச்சுக்கறதுக்குத்தானேடா அது?"

"ஆமா."

"பழசை அழிச்சிடுமா?"

"புதுசு வந்தா."

அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். பிறகு, "கட்டிலுக்கு அடியில செத்த பேனாவை வெச்சிருக்கே. அதை வெச்சுக்கத் தெரிஞ்சுது உனக்கு" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். களைப்புதான் இருந்தது.

மாலையில் அப்பா வந்ததும் சமையலறையில் மறுபடி மாநாடு கூடியது. அப்பா மெக்கானிக் மூளையோடு விஷயத்தை அணுகினார். "இவ ஃபோல்டர்ல போயிடுச்சு, சரி. வேற யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தா, அவங்க ஃபோல்டர்ல பழசு இருக்குமில்ல?"

"இருக்கும். நான் பார்க்கல. நீங்க?"

"என் ஃபோல்டர்ல முழங்கால்தான். இருந்தாலும் தேடிப் பாரு, கைபட்டுத் தெரியாம எங்கேயாவது போயிருப்பேன்."

தேடினான். முழங்கால்தான்.

எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்த அம்மா கைப்பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் ஃபோல்டர்ல ஒரு பார்வை பார்த்துடலாமா?"

"நான் எதுக்கு அதைப் பார்க்கப் போறேன்? அந்தப் பேச்சையே எடுக்காதீங்கன்னு சொன்னவ நான்."

"தப்பித் தவறி…"

"ஒருத்தர் ஃபோல்டரை இன்னொருத்தர் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்று அம்மா ஃபிரிட்ஜைக் காட்டினாள். "அதுக்கு மரியாதை இருக்கா இல்லையா?"

சட்டத்தை எழுதியவன் குடோன். அவனால் என்ன சொல்ல முடியும்? தன் கையே தன் கண்ணைக் குத்தியது.

மறுநாள் புதன்கிழமை காலை, அக்கா வேலைக்குப் போன பிறகு, ஸ்டூல் போட்டு ஏறி நிரலைத் திருத்த ஆரம்பித்தான். இனி எந்தப் பிரதியும் இன்னொன்றை அழிக்காது. இது வெள்ளம் போன பிறகு அணை கட்டுவது என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. சர்வருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார், எப்போது, எதைக் கேட்டாலும் திரையில் ஒரு கறுப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டே போகும். அவன் எதையும் திறக்கவில்லை. மேலே ஏறியவன் கண்ணுக்கு நேராக அது இருந்தது. செவ்வாய், பிற்பகல் மூன்று பத்து. அம்மா. வீட்டுப் பிரதியைப் படித்தார். அதன் பக்கத்தில் வரைபட நிறுவனத்தின் முகவரி.

குடோன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

அம்மா அந்தப் பக்கத்தை என்றைக்கோ திறந்திருக்கிறாள். அவள் எந்தப் பக்கத்தையும் வெளியே ஒரு தடவைதான் திறப்பாள். அப்படியானால் அவளிடம் இருப்பது பழசு. நேற்று அக்கா அழுதுகொண்டிருந்தபோது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வரி அங்கே இருப்பதை அம்மா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

ஒரே ஒரு சொடுக்குதான். இப்போதே திறந்து அக்காவுக்கு அனுப்பிவிடலாம். அவன் விரல் அது வரைக்கும் போனது. திறந்தால் அக்காவுக்கு இடம் கிடைக்கலாம். கூடவே, அம்மா ஒளித்து வைத்திருந்ததை மகன் திருடி எடுத்துக் கொடுத்தான் என்பதும் கிடைக்கும். அதற்குப் பிறகு அக்கா எட்டு மணி நேரத் தொலைவில் இருப்பாள். அங்கிருந்து அதைச் சரிசெய்ய எந்த ரயிலும் கிடையாது. விரலை எடுத்துக்கொண்டான். நாளை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் நாலரைக்குப் பல் மருத்துவமனைக்குப் போனான். சுவரில் சிரித்துக்கொண்டிருந்த பெரிய கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, சிரிக்க முடியாதவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தாள். அவனைப் பார்த்தும் பார்க்காதவள் போல ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினாள். ஏழாம் எண்.

"அம்மா, நான் பல்லுக்கு வரல."

"வர்ற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உக்காரு."

உட்கார்ந்தான். பக்கத்தில் கன்னம் வீங்கிய மனிதர் ஒருவர், துணைக்கு ஆள் கிடைத்த ஆறுதலோடு அவனைப் பார்த்துத் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து அம்மா, "ஏழு" என்று கூப்பிட்டாள்.

"என்ன பிரச்சினை?"

"நேத்து மூணு பத்து."

அம்மாவின் பேனா நின்றது. "என் ஃபோல்டரைத் திறந்தியா?"

"இல்லம்மா. சத்தியமா திறக்கல. கறுப்புக் கட்டத்துல ஒரு வரி ஓடியிருந்துச்சு."

"ஒரு துணியைப் போட்டு மூடுன்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்."

"சூடாயிடும்மா."

"இப்ப மட்டும் குளுகுளுன்னு இருக்கா?"

உள்ளே யாரோ வாயைத் திறந்தபடி ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார்கள்.

"அந்த வரி இருக்காம்மா அதுல?" என்றான் குடோன் மெதுவாக.

"இருக்கு." அம்மா சீட்டுக் கட்டை ஒழுங்காகத் தட்டி அடுக்கினாள். "நான் ஒண்ணும் பொய் சொல்லலடா. அவங்க மாத்திட்டாங்க, இவளுக்கு இல்லேன்னு ஆயிடுச்சு. நானா பண்ணேன்? நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். சும்மா இருந்தா என் பொண்ணு என் வீட்டுல இருப்பா. இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில எத்தனை அம்மாவுக்குக் கிடைக்கும், சொல்லு."

நியாயம் என்று அவனுக்குத் தோன்றிய பதில்கள் எல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டன.

"பல்லைப் பிடுங்கப் பயந்து, இன்னொரு நாள் வரேன்னு சொல்றவங்ககிட்ட நான் என்ன சொல்வேன் தெரியுமா? தள்ளிப் போட்டா வலி ரெண்டு மடங்குன்னு. ஒரு நாளைக்கு அஞ்சு பேருக்குச் சொல்றேன்." அவள் அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டாள். "நீ போ. போறப்ப பால் வாங்கிட்டுப் போ. எட்டு."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா எதுவும் சொல்லவில்லை. அக்கா இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிட்டாள். குடோனும் எதுவும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு ஒன்றைச் சேமித்து வைப்பது கனமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அக்கா பல் துலக்கிவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தாள். அம்மா தன் டேப்லட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். நோயாளியிடம் படிவத்தை நீட்டும் அதே பாவனை. நேராக வைத்து, விரலால் இடத்தையும் காட்டினாள்.

"மூணாவது பாரா. தற்காலிகச் சான்றிதழ் அனுப்பலாம்னு இருக்கு. கீழே அறிவிப்பு எண்ணும் இருக்கு, தேதியும் இருக்கு."

அக்கா படித்தாள். மறுபடி படித்தாள். "இது எப்படிம்மா உன்கிட்ட…"

"மூணாம் தேதியிலிருந்து இருக்கு. உன்னோட சண்டை போட்ட மறுநாள் பார்த்தேன். இது மாறிப் போச்சுன்னு நீ செவ்வாய்க்கிழமை அழுதியே, அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரியும். சொல்லல." மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். "சொல்ல வேணாம்னு நினைச்சேன். ரெண்டு நாள் நினைச்சேன். இப்ப சொல்லிட்டேன். திட்டறதுன்னா திட்டு, எனக்கு எட்டு மணிக்கு வேலை."

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் நகராமல் இருந்தார். அது தலைகீழாக இருந்தது.

அக்கா திட்டவில்லை. அவள் கண் டேப்லட்டின் ஓரத்தில் நின்றது. அங்கே அம்மா ஃபோல்டரின் மொத்தப் பட்டியலும் வரிசையாகத் தெரிந்தது. நிறுவனத்தின் பெண்கள் விடுதி. விடுதியின் விதிகள். நிறுவன உணவகத்தில் கிழமைவாரியாக என்ன சாப்பாடு. அந்த நகரத்தின் மழை, வெயில், காற்று. ரயில் நேரம், போக. ரயில் நேரம், வர. தனியாகப் போகும் பெண்கள் கவனிக்க வேண்டியவை. இயக்குநரின் புகைப்படம். இயக்குநரின் இன்னொரு புகைப்படம்.

"இயக்குநரை எதுக்கும்மா ரெண்டு தடவை பார்த்தே?"

"ஒண்ணுல முகம் சரியாத் தெரியல. நல்ல மனுஷனான்னு பார்க்க வேணாமா?"

"இது என்ன?" அக்கா ஒரு வரியில் விரல் வைத்தாள். "அந்த ஊர்ல பல் மருத்துவமனை. வரவேற்பாளர் தேவை."

அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே எதையோ தேடினாள். "சும்மா. வேற இடத்துல என்ன சம்பளம் தர்றாங்கன்னு பார்க்கறது ஒரு குத்தமா?"

செய்தித்தாள் இறங்கியது. "அப்ப நான் இங்க யாரோட இருப்பேன்?" என்றார் அப்பா.

"உங்களுக்குத்தான் முழங்கால் இருக்கே."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, மறுபடி சிரிப்புக்கே வந்தது. எழுந்துபோய் ஃபிரிட்ஜுக்குள் தலை வைத்திருந்த அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "ரெண்டு நாள்தானேம்மா. நானா இருந்தா ரெண்டு வருஷம் ஒளிச்சு வெச்சிருப்பேன்."

"கதவை மூடணும், விடு. குளிர் போகுது" என்றாள் அம்மா. ஆனால் மூடவில்லை.

ஏழேகாலுக்குக் கடிதம் போயிற்று. பழைய பக்கத்தின் முழுப் பிரதி, அறிவிப்பு எண், சேமித்த தேதி எல்லாம் இணைத்து அக்காவே எழுதினாள். குடோன் எழுதிய முதல் வரைவில் 'தங்கள் மேலான சிரமத்துக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டாள்.

பதில் வரவில்லை. பத்து ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அக்கா விடுப்பு போட்டிருந்தாள். ஒரு மணிக்கு அம்மா வந்தாள். அப்பாவும் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டை நிறுத்திவிட்டு வந்திருந்தார். மக்கள் கொஞ்சம் நடந்தால் அவர்களுடைய முழங்காலுக்கு நல்லது என்றார். நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

இரண்டு ஐம்பதுக்கு அது அடித்தது. அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வரைபட நிறுவனம், தேர்வுப் பிரிவுலேருந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நீங்க அனுப்பின பக்கத்தைப் பார்த்தோம். எங்க பக்கத்தை ஒன்பதாம் தேதி புதுசா வந்த ஒருத்தர் சுருக்கமா, அழகா இருக்கட்டும்னு மாத்தி எழுதியிருக்கார். பழசு என்ன இருந்துச்சுன்னு எங்க யாருக்கும் நினைவில்ல. எங்ககிட்ட காப்பியும் இல்ல."

"அதுல அறிவிப்பு எண் இருந்துச்சே மேடம்" என்றாள் அக்கா.

"அதை வெச்சுத்தான் அலமாரியில தேடினோம். கையெழுத்துப் போட்ட அறிவிப்பு கிடைச்சுடுச்சு. நீங்க அனுப்பினதுல இருக்கற அதே வார்த்தை. ரத்து உத்தரவைத் திரும்ப வாங்கிட்டோம். நாலாவது இடம் உங்களுக்குத்தான். திங்கள்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து சேரணும்."

அப்பா அக்காவின் தலையில் கைவைத்து, திருகாணி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போல லேசாக அழுத்தினார்.

"இன்னொரு விஷயம்" என்றது குரல், கொஞ்சம் தணிந்து. "உங்ககிட்ட எங்களோட பழைய பக்கங்கள் வேற ஏதாவது இருக்குமா? அவர் எல்லாத்தையுமே அழகாக்கிட்டார்."

குடோன் தொண்டையைச் செருமினான். "அம்மா பார்த்தது மட்டும் இருக்கு மேடம். உங்க கேன்டீனையும் சேர்த்து இருபத்து மூணு."

"எல்லாத்தையும் அனுப்ப முடியுமா தம்பி?"

"அது அம்மாகிட்ட அனுமதி கேக்கணும் மேடம். எங்க வீட்டுச் சட்டம்."

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். ஒலிபெருக்கியை அணைக்கத் தெரியாமல், அப்படியே காதில் வைத்துக்கொண்டாள்.

"நான் பொண்ணோட அம்மா பேசறேன். பக்கமெல்லாம் அனுப்பறோம், அதுக்கென்ன. நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும். உங்க விடுதி விதியில இருபத்தாறு இருக்கு, ஒண்ணுலயும் இதைப் போடல. ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"

"இருக்கும்மா. ரெண்டு இருக்கு."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு சரியில்லையா?"

மறுமுனையில் மறுபடி காகிதம் புரண்டது. அந்தக் கேள்விக்கு எந்த அறிவிப்பிலும் எண் இல்லை போலும்.

"அம்மா, போதும்மா" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"இருங்கம்மா" என்றது குரல் கடைசியில். "விடுதி பக்கத்துலதான் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். லைன்லயே இருக்கீங்களா?"

"இருக்கேன். மெதுவா போய்ட்டு வாங்க."

நாள் முழுக்க ஊரையே சீட்டுக் கொடுத்து உட்கார வைக்கும் அம்மா, போனைக் காதில் வைத்தபடி நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். போனுக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது. எட்டு மணி நேரத் தொலைவில் செருப்புச் சத்தம் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. அம்மாவின் இன்னொரு கை அக்காவின் சட்டைக் கையைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அக்கா அதை விடுவித்துக்கொள்ளாமல், அப்பாவிடம் ஜாடை காட்டி, ரயில் நேரத்தை எழுத ஒரு பேனா கேட்டாள்.